திருவிருந்து: எந்தச் சபையில் யார் வாங்கலாம், வீட்டில் எடுக்கலாமா?

சென்னையில் ஒரே குடும்பத்துக்குள் மூன்று நான்கு சபைகள் இருப்பது சாதாரணம். அப்பா, அம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மருமகள் கத்தோலிக்கர், சித்தி குடும்பம் பெந்தெகொஸ்தே, கேரளத்திலிருந்து வந்த சம்பந்தி மார்த்தோமா. மற்ற நாட்களில் இது யாருக்கும் தொந்தரவில்லை. கல்யாணத்திலோ அடக்க ஆராதனையிலோ எல்லோரும் ஒரே ஆலயத்தில் உட்காரும்போதுதான் சிக்கல். முன்வரிசை திருவிருந்து வாங்க எழுந்து பீடத்தை நோக்கிப் போகிறது. மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நாமும் போகலாமா? போனால் தப்பா? போகாமல் உட்கார்ந்திருந்தால் கல்யாண வீட்டார் மனம் வருந்துவார்களா?

இன்னொரு கேள்வி 2020-க்குப் பிறகு அதிகமாகக் கேட்கப்படுவது. ஆலயத்துக்குப் போக முடியாதபோது வீட்டிலேயே அப்பமும் திராட்சரசமும் வைத்து நாமே எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டு கேள்விக்கும் விடை சபைக்குச் சபை மாறும். ஆனால் கண்டபடி மாறாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்காக. இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு சீடர்களோடு சாப்பிட்டார். அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு, 'இது என் சரீரம்' என்று கொடுத்தார். கிண்ணத்தை எடுத்து 'இது என் இரத்தம்' என்றார். தம்மை நினைவுகூரும்படி இதைச் செய்யச் சொன்னார். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷங்களிலும், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்திலும் இது இருக்கிறது. அந்த இரவைத்தான் பெரிய வியாழன் என்று அனுசரிக்கிறார்கள். கத்தோலிக்கர் இதை நற்கருணை என்பார்கள்; சி.எஸ்.ஐ.-யில் திருவிருந்து, லுத்தரன் சபைகளிலும் பழைய ஆட்களிடமும் இராப்போஜனம், பிரதரன் சபைகளில் அப்பம் பிட்குதல். பெயர் எதுவானாலும் அதே இரவு, அதே அப்பம்.

சபைகள் இதில் பிரிந்து நிற்பது இரண்டு விஷயத்தில். ஒன்று, அந்த அப்பத்துக்கு என்ன ஆகிறது? இரண்டு, அதை நடத்த யாருக்கு அதிகாரம்? ஒரு சபை இந்த இரண்டுக்கும் என்ன பதில் வைத்திருக்கிறது என்று தெரிந்தால், அங்கே நீங்கள் வாங்கலாமா, வீட்டில் எடுக்கலாமா என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

கத்தோலிக்கர் பதில்தான் மிகத் தெளிவானது. குருவானவர் திருப்பலி என்ற வழிபாட்டில் ஜெபித்தபின் பார்வைக்கு, ருசிக்கு அப்பமாக இருப்பது உண்மையில் கிறிஸ்துவின் உடல். அடையாளமில்லை, நினைவுப்பொருளும் இல்லை. அதனால்தான் மீந்ததை நற்கருணைப் பேழைக்குள் வைத்துப் பூட்டி, பக்கத்தில் அணையா விளக்கு வைக்கிறார்கள். பேழையைக் கடக்கும்போது முழங்காலிடுகிறார்கள். சாந்தோம் பேராலயத்தில் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, ஒரு மூலையில் சிலர் அசையாமல் மண்டியிட்டிருப்பதன் காரணமும் இதுவே. நடத்தும் அதிகாரம் ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்ட குருவுக்கு மட்டும்.

இந்த நம்பிக்கையிலிருந்துதான் விதிகள் வருகின்றன. குழந்தைகள் மறைக்கல்வி படித்து, பாவசங்கீர்த்தனம் செய்து (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு), வெள்ளை உடையில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிறார்கள். பெரியவர்கள் வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இந்த விதியே இல்லை. பெரிய பாவம் இருப்பதாக மனதுக்குத் தெரிந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம். வரிசையில் போனால் குரு அப்பத்தைக் காட்டி 'கிறிஸ்துவின் திருவுடல்' என்பார். 'ஆமென்' என்று சொல்லி கையிலோ நாவிலோ வாங்கிக்கொள்ளலாம். கையில் வாங்கினால் அங்கேயே உட்கொள்ள வேண்டும், இருக்கைக்கு எடுத்துப்போகக் கூடாது.

அந்த 'ஆமென்' என்பதில்தான் மற்ற சபையாருக்கான பதிலும் இருக்கிறது. 'ஆமாம், இது கிறிஸ்துவின் உடல்தான், இந்தத் திருச்சபையின் விசுவாசம்தான் என் விசுவாசம்' என்று எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்வது அது. அப்படி நம்பாத ஒருவர் அதைச் சொல்வது அவருக்கே நேர்மையாக இருக்காது. ஆகவே சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே நண்பர்கள் கத்தோலிக்கத் திருமணத் திருப்பலிக்குப் போனால், வரிசையில் போகாமல் இருக்கையிலேயே இருப்பதுதான் முறை. கத்தோலிக்கர் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் வாங்குவதையும் அவர்கள் திருச்சபை அனுமதிப்பதில்லை. சாவு ஆபத்து போன்ற நேரங்களில் மட்டும், சில நிபந்தனைகளோடு, கத்தோலிக்க குரு மற்ற சபைக் கிறிஸ்தவருக்கு நற்கருணை கொடுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடம் உண்டு. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயம் போல எல்லா மதத்தவரும் வருகிற இடங்களில் தெரியாமல் வரிசையில் நின்றுவிடுவது நடக்கக்கூடியதே. யாராவது மெதுவாகச் சொன்னால் கோபப்பட வேண்டாம். ஆளைப் பார்த்துத் தள்ளுவது அல்ல அது.

ஆர்த்தடாக்ஸ் சபைகளும் கத்தோலிக்கரைப் போலவே, சில விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. சென்னையில் உள்ள மலங்கரா ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய ஆலயங்களில் வேற்றுச் சபையார் வாங்க முடியாது. ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் மற்றவர்களை ஆச்சரியப்பட வைக்கும்: கைக்குழந்தைக்குக்கூட ஞானஸ்நானத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். அதே நகரத்தில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காத அறுபது வயதுக்காரர் தன் பெந்தெகொஸ்தே சபையில் தட்டு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சி.எஸ்.ஐ. கதையே வேறு. அது பிறந்த இடமே சென்னை. 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகச் சேர்ந்தன. இவை திருவிருந்தைப் பற்றி ஒரே மாதிரி நினைத்தவை அல்ல. ஆங்கிலிக்கன் மரபில் வந்தவர் பீடத்தின் முன் கிராதியருகே முழங்காலிட்டு வாங்குவார். பிரஸ்பிட்டீரியன் மரபில் மேசையும் இருக்கையும்தான் பழக்கம். எழும்பூரில் 1821-இல் எழுந்த புனித அந்திரேயா ஆலயம், 'தி கிர்க்' என்று ஊர் அழைப்பது, ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டியது. இப்போது அதுவும் சி.எஸ்.ஐ. இப்படி வெவ்வேறு வீட்டிலிருந்து வந்தவர்களை ஒரே பந்தியில் உட்கார வைக்க வேண்டியிருந்ததால், கிறிஸ்து இங்கே உண்மையாக நம்மைச் சந்திக்கிறார் என்பதைப் பிடித்துக்கொண்டு, எப்படி என்ற நுணுக்கத்தில் சி.எஸ்.ஐ. அதிகம் நெருக்குவதில்லை. எனக்கு இது மழுப்பலாகத் தெரியவில்லை, முதிர்ச்சியாகவே தெரிகிறது. வேறு கருத்துள்ள நண்பர்களும் எனக்கு உண்டு.

நடைமுறையில் பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறும் பண்டிகை நாட்களும் திருவிருந்து நாட்கள். பெரிய ஆலயங்களில் இதைவிட அடிக்கடி, விடியற்காலை ஆராதனையிலும் இருக்கும். ஞானஸ்நானம் பெற்று, பேராயர் கைவைத்துத் திடப்படுத்தல் முடித்தவர்கள் வாங்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது பொதுவான வழக்கம். முழங்காலிட்டு உள்ளங்கையை நீட்டினால் அப்பம் வரும், அடுத்து கிண்ணம். சில இடங்களில் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்தே கொடுப்பார்கள். முன்னும் பின்னும் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கே திருவிருந்து வாங்குகிறவர் விருந்தாளியாக வந்தால் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆராதனை தொடங்குமுன் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. மார்த்தோமா சபைக்கும் சி.எஸ்.ஐ.-க்கும் முழு ஐக்கியம் இருப்பதால் அந்த இரண்டு சபையாருக்கும் இந்தத் தயக்கமே வேண்டாம். ஒரு உபரித் தகவல்: சி.எஸ்.ஐ.-யில் சபைத் தேர்தலில் ஓட்டுப்போடவும் திருவிருந்து வாங்கும் உறுப்பினராக இருக்க வேண்டும். தேர்தல் வருடத்தில் பந்தியில் திடீரென்று கூட்டம் கூடுவதாக ஒரு கேலிப்பேச்சு உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

லுத்தரன் சபைகள் நடுவில் நிற்கின்றன. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தொடரும் மரபு. புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயம் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனால் அதோடு, அதற்குள் கிறிஸ்துவின் சரீரமும் உண்மையாகவே இருக்கிறது என்பது ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் போதனை. 1529-இல் மார்பர்க் நகரில் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி ஸ்விங்லியோடு இதைப் பேசித் தீர்க்க உட்கார்ந்தார்கள். ஸ்விங்லிக்கு அது நினைவுகூரும் அடையாளம். மற்ற பெரும்பாலான விஷயங்களில் ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் ஒத்துப்போகாமலே எழுந்து போனார்கள். இன்றைக்கு நம் ஊர் பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில் கேட்கும் 'இது அடையாளம், நினைவுகூருதல்' என்ற போதனை பெரும்பாலும் ஸ்விங்லியின் பக்கம் நிற்பது.

அடையாளம் என்றால் லேசாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெந்தெகொஸ்தே சபையில் திருவிருந்து ஞாயிறு என்றால் சிலர் உபவாசம் இருந்து வருவார்கள். வெள்ளை உடை, முக்காடு, பாவ அறிக்கை, சண்டை போட்டவரிடம் முந்தின நாளே போய் ஒப்புரவாவது எல்லாம் உண்டு. தட்டில் அப்பத் துண்டுகளும், விரல் நீளக் குட்டிக் கிண்ணங்களில் திராட்சைச் சாறும் இருக்கைக்கே வரும். எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு பாஸ்டர் சொன்னதும் சேர்ந்து எடுப்பார்கள். பொதுக் கிண்ணத்தால் நோய் தொற்றும் என்ற பயத்தில் 1890-களில் அமெரிக்காவில் பரவியதுதான் இந்தக் குட்டிக் கிண்ணம். புளிக்காத திராட்சைச் சாறும் அங்கிருந்து வந்ததே. மதுவை எதிர்த்த மெத்தடிஸ்டான தாமஸ் வெல்ச் 1869-இல் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்.

இங்கே பிரச்சினை வேறு. பல பெந்தெகொஸ்தே சபைகளில், விவரம் தெரிந்த வயதில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் திருவிருந்து. குழந்தையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்ற சி.எஸ்.ஐ. பெரியவரை அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவராகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பெரியவருக்கு அது சுருக்கென்று குத்தும். 'இயேசுவை ஏற்றுக்கொண்ட யாரும் வரலாம்' என்று அறிவிக்கும் சபைகளும் இதே நகரத்தில் நிறைய. அறிவிப்பைக் காதுகொடுத்துக் கேளுங்கள். உங்களுக்குப் பொருந்தாவிட்டால் தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள், அவ்வளவுதான்.

பிரதரன் சபையில் சம்பளம் வாங்கும் போதகரே கிடையாது. ஞாயிறு காலை ஒரு முழு அப்பமும் கிண்ணமும் நடுவில் மேசைமேல் இருக்கும். சகோதரர்களில் ஒருவர் எழுந்து நன்றி சொல்லிப் பிட்டுக் கொடுப்பார். வாரா வாரம் உண்டு. வெளியூர் விசுவாசி வந்தால் தன் சபையிலிருந்து அறிமுகக் கடிதம் கொண்டுவருவார்; கடிதம் இல்லாத புதியவர் பின்வரிசையில் இருந்து கவனிக்கலாம். அட்வெண்டிஸ்ட் சபையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். இரட்சணிய சேனையில் திருவிருந்தே கிடையாது, ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் கிறிஸ்துவை நினைக்கும் வேளையாக இருக்கட்டும் என்பது அவர்கள் வழி.

'தகுதியில்லாமல் எடுத்தால் தண்டனை' என்ற பயத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பயத்தால் வருடக்கணக்காக எழுந்து போகாதவர்கள் உண்டு. கோபம் வந்தது, பொய் சொன்னேன், ஜெபம் செய்யவில்லை, அதனால் இந்த மாதம் வேண்டாம் என்பார்கள். பவுல் கடுமையாக எச்சரிப்பது உண்மைதான். ஆனால் எதற்காக என்று அதே அதிகாரத்தை மேலிருந்து படித்துப் பாருங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முதலில் வந்து வயிறாரச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். கர்த்தருடைய பந்தியில் ஏழையை வெட்கப்படுத்தினார்கள். அவருக்குக் கோபம் வந்தது அதற்கு.

நம் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு ஆலயங்கள் பலவற்றில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள், பந்திக்கும் சாதி வரிசையில் போனார்கள். சென்னைக்கு அப்போது தனி ஆங்கிலிக்கன் பேராயர் இல்லை, 1835-இல்தான் வந்தார். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆலயத்துக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விடவேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் அதற்குப் பெரிய எதிர்ப்பு; பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். ஒரே கிண்ணத்தில் குடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் முன்னோருக்கு இறையியல் படிக்காமலே தெரிந்திருக்கிறது. தன்னைச் சோதித்துப் பார்ப்பது என்றால், என் பார்வையில் முதல் கேள்வி 'பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவரை நான் எப்படிப் பார்க்கிறேன்' என்பதாகத்தான் இருக்க முடியும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். வீட்டில் திருவிருந்து என்று சொல்லும்போது இரண்டு வேறு காரியங்களைப் போட்டுக் குழப்புகிறோம். வீட்டில் வாங்குவது ஒன்று, வீட்டில் நாமே நடத்துவது இன்னொன்று.

முதலாவது மிகப் பழைய வழக்கம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஆராதனைக்கு வரமுடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததை எழுதியிருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் மக்கள் நற்கருணையைத் தங்கள் வீட்டிலேயே வைத்திருந்து எடுத்துக்கொண்டதாகப் பேராயர் பசீலியார் எழுதுகிறார். அந்த அப்பம் சபை கூடிய இடத்தில், ஊழியர் ஜெபித்துக் கொடுத்தது. உண்ணும் இடம் மட்டும் வீடு.

இன்றைக்கும் அப்படித்தான். கத்தோலிக்கப் பங்குகளில் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஃபாதரோ, அதற்கென்று நியமிக்கப்பட்ட அருட்சகோதரியோ, பொதுநிலையினரோ நற்கருணை கொண்டுவருவார்கள். மாதத்தின் முதல் வெள்ளி இதற்கான நாளாகப் பல பங்குகளில் உண்டு. சி.எஸ்.ஐ., லுத்தரன் ஐயர்மாரும் வீட்டுக்கு வந்து கொடுப்பார்கள், பாஸ்டர்களும் அப்படியே. ஒரு சின்ன மேசை, துவைத்த வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் போதும். டி.வி.யை அணைத்துவிடுங்கள். நோயாளியால் எதை விழுங்க முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பத்தில் ஒரு துணுக்கு போதும், கத்தோலிக்கத்தில் அதுவும் முடியாதவருக்கு ரசம் மட்டும் ஒரு துளி கொடுப்பதுண்டு. நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு கேட்காமல் இருப்பது. தாத்தா விழுந்து ஆறு மாதமாகியிருக்கும், ஆலயத்தில் யாருக்கும் தெரியாது. 'அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு' என்று இருந்துவிடுவோம். அது அவர்கள் வேலை. கூப்பிடுங்கள்.

இரண்டாவது காரியம், குடும்பமாக நாமே நடத்துவது, 2020-இல் பெரிய பேச்சானது. அந்த ஆண்டு ஏப்ரல் 9 பெரிய வியாழன், ஏப்ரல் 12 ஈஸ்டர். ஊரடங்கில் ஆலயக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பல சுயாதீன சபைகளின் பாஸ்டர்கள் ஆன்லைனில் ஜெபிக்க, மக்கள் தங்கள் வீட்டு மேசையில் இருந்ததை எடுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்கவில்லை. திருப்பலியைத் திரையில் பார்த்து, உள்ளத்தால் ஆண்டவரை வரவேற்கும் ஜெபத்தைச் சொல்லச் சொன்னது. குரு கையில் இருக்கும் அப்பம்தான் திருவுடல் ஆகிறது, அம்பத்தூர் வீட்டு மேசையில் இருக்கும் அப்பம் ஆகாது. தொடக்கத்தில் சொன்ன இரண்டு விஷயத்துக்கும் கத்தோலிக்கரின் பதில் தெரிந்தவருக்கு இதில் ஆச்சரியமில்லை. சி.எஸ்.ஐ. முறையிலும் குருப்பட்டம் பெற்ற ஐயரே நடத்த வேண்டும். குடும்பத் தலைவர் நடத்த இடமில்லை.

நினைவுகூருதல் என்று நம்பும் சுயாதீன சபைகளில் வழி திறந்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் முதல் விசுவாசிகள் வீடுகள்தோறும் அப்பம் பிட்டதைக் காட்டி, வீட்டில் எடுக்கச் சொல்லும் பாஸ்டர்கள் உண்டு. போரூர், ஆவடிப் பக்கம் பல சபைகள் இன்னும் வீட்டு ஹாலிலும் மொட்டைமாடிப் பந்தலிலுமே கூடுகின்றன. உங்கள் சபை அனுமதித்தால் முறை எளிது. புளிப்பில்லாத கோதுமை அப்பம். வீட்டில் சுட்ட சப்பாத்தி தாராளமாகப் போதும், க்ரீம் பிஸ்கட் வேண்டாம். பன்னீர் திராட்சையைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து மசித்து வடிகட்டினால் சாறு. முதலில் கொரிந்தியர் பகுதியை ஒருவர் வாசிக்கட்டும். கொஞ்ச நேரம் அமைதி, பாவ அறிக்கை, நன்றி ஜெபம், அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தல், பிறகு கிண்ணம். வீட்டில் யாராவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தினமும் வீட்டில் திருவிருந்து எடுத்தால் சர்க்கரை இறங்கும், கடன் தீரும் என்று பேசும் வீடியோக்கள் சுற்றுகின்றன. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுங்கள். தனியாக, செல்போனைப் பார்த்தபடி, சபைக்குப் போகத் தெம்பிருந்தும் வீட்டிலேயே முடித்துக்கொள்வதும் எனக்கு உடன்பாடில்லை. பவுல் அந்த அதிகாரத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்கிறார். தனியாக எடுப்பவர் யாருக்காகக் காத்திருப்பார்?

கடைசியாக, எல்லோரும் கேட்கத் தயங்கும் சின்ன விஷயங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் முன்பே சொல்லலாம். கத்தோலிக்கத்தில் கோதுமையே இல்லாத அப்பம் செல்லாது, ஆனால் பசையம் (குளூட்டன்) மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு. குடியை விட்டவர்கள் கத்தோலிக்க ஆலயத்தில் அப்பம் மட்டும் வாங்கலாம், சென்னையில் பெரும்பாலான திருப்பலிகளில் மக்களுக்குக் கொடுப்பதும் அப்பம் மட்டுமே. சி.எஸ்.ஐ.-யில் கிண்ணம் வரும்போது தலையசைத்து விட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் மீந்த அப்பத்தையும் ரசத்தையும் குப்பையில் போடாமல் வீட்டாரே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அப்பம் கை தவறிக் கீழே விழுந்தால் பதற வேண்டாம், நகராமல் நில்லுங்கள், கொடுப்பவர் எடுத்துக்கொள்வார்.